பழைய சோல், ஃபங்க் இசைத்தட்டுகள்: போட்டுக் கேட்காமல் தேறுமா என்று பார்ப்பது எப்படி?

நியூ ஜெர்சியில் வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்கும் ஓர் இடத்தில் 40 எல்.பி. ரெக்கார்டுகள் உள்ள பெட்டியைப் பார்த்திருக்கிறீர்கள். ஸ்டீவி வொண்டர், அரீதா ஃபிராங்க்ளின், ஐசக் ஹேய்ஸ், ஓட்டிஸ் ரெடிங், ஓ'ஜேஸ், ஜேம்ஸ் பிரவுன் என்று பெயர்கள் எல்லாம் நல்ல பெயர்கள். மொத்தமாக 120 டாலர், பிரித்துத் தர மாட்டார்கள், போட்டுக் கேட்க அங்கே டர்ன்டேபிள் கிடையாது. "இவை ஒரிஜினலா, பிற்காலத்தில் அடித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்பது நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டு வந்து ஊசியை வைத்தால் பாட்டு கேட்குமா, கரகரப்பு கேட்குமா? இவை இரண்டும் வேறு வேறு. முதலாவதற்கு லேபிளும் எண்களும் பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்குத் தட்டின் மேற்பரப்பைப் படிக்கத் தெரிய வேண்டும். சோல், ஃபங்க் என்ற கறுப்பின அமெரிக்க இசை வகைகளை வாங்குகிறவருக்கு இரண்டாவதுதான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

இந்த இசையின் தட்டுகள் ஏன் இவ்வளவு தேய்ந்து கிடைக்கின்றன என்பதற்குக் காரணம் உண்டு. இவை ஆடுவதற்காக வாங்கப்பட்டவை. சனிக்கிழமை இரவு வீட்டுக் கூடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தாறு தட்டுகளை அடுக்கித் தானாக விழவைக்கும் சேஞ்சரில் ஓடியவை. அந்தக் காலத்து மலிவு பிளேயர்களில் இருந்த செராமிக் கார்ட்ரிட்ஜ்கள், அதாவது ஊசியைத் தாங்கும் பகுதிகள், 5 கிராமோ அதற்கு மேலோ அழுத்தம் கொடுத்து ஓடின. இன்றைய சாதாரண கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம் போதும். அழுத்தம் மட்டும் கூட இருந்தால், ஒலி பதிந்திருக்கும் பள்ளம் ஓரளவு தாங்கும். ஊசியும் மழுங்கியிருந்தால் அது பள்ளத்தின் சுவரில் உள்ள நுண்ணிய வளைவுகளைச் சீவி எடுத்துவிடும். அப்படிப் போனது போனதுதான். எந்தக் கழுவலும் அதைத் திருப்பித் தராது. அழுக்கு வேறு, கீறல் வேறு, தேய்மானம் வேறு என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகுங்கள். அழுக்கு போகும். கீறல் போகாது, ஆனால் ஓரிடத்தோடு நிற்கும். தேய்மானம் முதல் பாட்டு முதல் கடைசிப் பாட்டு வரை கூடவே வரும்.

கையில் ஒரே ஒரு சிறிய எல்.இ.டி. டார்ச் இருந்தால் போதும். ஃபோன் விளக்கும் சரிதான். அறையின் பொதுவான வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாத் தட்டும் நன்றாகவே தெரியும். அதை நம்ப வேண்டாம். தட்டை ஓரத்திலும் லேபிளிலும் மட்டும் விரல் படும்படி பிடித்து, ஒற்றை வெளிச்சத்தைச் சாய்வாக விழவைத்து மெல்லச் சுழற்றுங்கள். தேயாத தட்டில் கருமை ஆழமாக இருக்கும், வெளிச்சம் மெல்லிய கோடாக மின்னும். பலமுறை மோசமான ஊசியில் ஓடிய தட்டில் சில வளையங்கள் சாம்பல் பூத்தாற்போல மங்கித் தெரியும். பெரும்பாலும் பாட்டின் சத்தமான பகுதிகளில், ஹார்ன் கருவிகள் ஓங்கும் இடங்களில், அந்தச் சாம்பல் நிறம் முதலில் வரும். அதைப் பார்த்தால் அந்தத் தட்டை விட்டுவிடலாம். ஆனால் எச்சரிக்கையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இது ஒருபக்க அளவுகோல். சாம்பல் தெரிந்தால் தேய்மானம் உறுதி. தெரியாவிட்டால் தேயவில்லை என்று உறுதி சொல்ல முடியாது. பளபளவென்று புதிதுபோல இருந்து, ஊசி வைத்ததும் "ஸ்" ஒலியெல்லாம் சீறுகிற தட்டுகளும் உண்டு.

அதனால்தான் இன்னொரு தடயம் தேவைப்படுகிறது. லேபிளின் நடுத் துளையைச் சுற்றிப் பாருங்கள். தட்டை வைக்கும்போது துளை எங்கே என்று தேடி டர்ன்டேபிளின் நடுவில் நிற்கும் கம்பியின் முனை லேபிள் காகிதத்தில் உரசும். ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய கோடு விழும். பத்து இருபது கோடுகள் சிலந்தி வலைபோலத் துளையைச் சுற்றி இருந்தால், அந்தத் தட்டு நிறைய ஓடியிருக்கிறது. கோடே இல்லாமல் துளை விளிம்பு கூர்மையாக இருந்தால் அது பெட்டியிலேயே தூங்கிய தட்டு. மேற்பரப்பு சுத்தமாக இருந்து துளையைச் சுற்றி மட்டும் நிறையக் கோடுகள் என்றால், யாரோ கவனமாகக் கையாண்டு ஆயிரம் முறை கேட்டிருக்கிறார்கள். பள்ளத்தின் நிலை அவர்களுடைய ஊசியைப் பொறுத்தது. இந்த ஒரு பார்வைக்கு ஐந்து விநாடி கூட ஆகாது. விற்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காததும் இதுதான்.

கீறலுக்கு வருவோம். மேலோட்டமான உராய்வுகள், அதாவது காகித உறையிலிருந்து இழுத்து இழுத்து விழுந்த மெல்லிய கோடுகள், பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும் பெரும்பாலும் கேட்காது. விரல் நகத்தை மிக லேசாக, குறுக்கே நகர்த்திப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் கீறல் சத்தம் போடும். எவ்வளவு நேரம் போடும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ஒரு பக்கம் 22 நிமிடம் ஓடுகிறது என்றால் சுமார் 730 சுற்றுகள், அவை ஏறக்குறைய எட்டரை சென்டிமீட்டர் அகலத்தில் அடங்குகின்றன. ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 85 சுற்று. ஆகவே குறுக்கே ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள கீறல், 1.8 விநாடிக்கு ஒருமுறை "டப்" என்று இரண்டரை நிமிடம் தட்டிக்கொண்டே இருக்கும். ஃபங்க் பாட்டில் டிரம்ஸுக்கு நடுவே அது பாதி மறைந்துவிடும். மெதுவான சோல் பாட்டில், பாடுபவர் மூச்சு வாங்கும் இடைவெளியில், அதைத் தவிர வேறொன்றும் கேட்காது. குறுக்கே போகும் கீறலைவிடப் பள்ளத்தோடு சேர்ந்தாற்போலப் படுத்திருக்கும் சிறு கீறல் மோசமானது. ஊசியைப் பக்கத்துப் பள்ளத்துக்குத் தள்ளிவிடும், அல்லது அங்கேயே சுற்றவைக்கும்.

தேய்மானம் எங்கே முதலில் கேட்கும் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசிக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. வேகத்தில் நகர்கிறது. லேபிளை ஒட்டி வரும்போது அதே சுற்று வேகத்தில் சுமார் 21 செ.மீ. மட்டுமே. அதே ஒலியை அரைப்பங்குக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது. எனவே ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டுதான் எப்போதும் பலவீனமான இடம். ஐசக் ஹேய்ஸின் 1969 ஆல்பமான 'ஹாட் பட்டர்ட் சோல்' இதற்கு நல்ல உதாரணம். மொத்தம் நான்கே பாட்டுகள். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு 18 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. பேச்சாகத் தொடங்கி மெல்ல மெல்ல ஏறுகிற பாட்டு அது. ஹார்ன்களும் ஸ்ட்ரிங்ஸும் சேர்ந்து ஓங்கும் உச்சம் சரியாக லேபிளுக்குப் பக்கத்தில், இடம் குறைந்த பள்ளங்களில் வந்து சேர்கிறது. உங்கள் பெட்டியில் அந்தத் தட்டு இருந்தால் மற்ற எதையும் பார்க்காமல் இரண்டாம் பக்கத்தின் கடைசி இரண்டு சென்டிமீட்டரை மட்டும் விளக்கில் பாருங்கள். எங்காவது போட்டுக் கேட்க வாய்ப்புக் கிடைத்தாலும் முதல் பாட்டின் தொடக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கடைசிப் பாட்டில் பாடுபவரின் "ஸ்", "ச்" ஒலிகளைக் கேளுங்கள்.

நியூயார்க்கை ஒட்டிய பகுதிகளில் கிடைக்கும் ஃபங்க் தட்டுகளுக்கு மட்டும் உரிய ஒரு சேதம் உண்டு. 1973 ஆகஸ்டில் பிராங்க்ஸில் டி.ஜே. கூல் ஹெர்க் நடத்திய விருந்திலிருந்து தொடங்கிய வழக்கத்தில், பாட்டின் நடுவே டிரம்ஸ் தனியாக வரும் சில விநாடிகளை இரண்டு பிரதிகளை வைத்து மாறி மாறித் திரும்ப ஓட்டினார்கள். அதற்காகத் தட்டைக் கையால் பின்னுக்கும் முன்னுக்கும் இழுத்தால் அந்த ஒரே இடத்தில் பள்ளம் வெந்துபோகும். பாட்டு தொடங்கும் இடத்திலோ நடுவிலோ மெல்லிய வெளிறிய வளையம் தனித்துத் தெரிந்தால் அதுதான். லேபிளில் பேனாவால் எழுதிய எண்கள், ஒட்டிய டேப், ஒரு பாட்டின் பெயருக்குக் கீழே கோடு, இவையெல்லாம் சேர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். மற்றப் பாட்டுகள் அந்தத் தட்டில் நன்றாகவே இருக்கக்கூடும். நீங்கள் எந்தப் பாட்டுக்காக வாங்குகிறீர்கள் என்பதை வைத்து முடிவெடுக்கலாம்.

வளைவைப் பார்க்கத் தட்டைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி ஓரத்தைப் பார்த்துச் சுழற்றுங்கள். கிண்ணம்போல ஒரே சீராகக் குழிந்திருந்தால் பெரும்பாலும் ஓடிவிடும். ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் மடிப்புப்போல எழும்பியிருந்தால் ஊசி அங்கே துள்ளும். தட்டையாக்கிவிடலாம் என்று வீட்டில் அடுப்பு, இஸ்திரி என்று முயல வேண்டாம். பள்ளம் உருகுவதற்கும் தட்டு இளகுவதற்கும் இடையில் உள்ள வெப்ப வித்தியாசம் மிகச் சிறியது.

இப்போது நீங்கள் நேரடியாகக் கேட்டதற்கு வருகிறேன். முதல் அச்சா, பின்னால் அடித்ததா என்பதற்குப் பார்கோடு எளிமையான வடிகட்டி. அமெரிக்காவில் எல்.பி. உறைகளில் பார்கோடு பரவலானது 1980-ஐ ஒட்டித்தான். 1960-களின் ஆல்பத்தில் பார்கோடு அச்சாகி இருந்தால் அது மறு அச்சு, பேச்சே இல்லை. பார்கோடு இல்லை என்பதால் மட்டும் முதல் அச்சு ஆகிவிடாது. அடுத்தது உறை. 1960-களின் அமெரிக்க உறைகளில் கெட்டி அட்டைமேல் அச்சிட்ட தாளை ஒட்டுவார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் பழுப்பு அட்டையும், விளிம்பில் தாள் மடிந்து ஒட்டியிருப்பதும் தெரியும். 1970-களின் போக்கில் அட்டையிலேயே நேராக அச்சிடும் முறை பரவியது. இது துணைச் சான்றுதான், தனிச் சான்று ஆகாது. உறையும் தட்டும் வேறு வேறு காலத்தவையாக இருக்கலாம், உள்ளே வேறொரு ஆல்பத்தின் தட்டே இருக்கலாம். 40 தட்டு உள்ள பெட்டியில் இரண்டு மூன்று இடம் மாறியிருப்பது சாதாரணம்.

லேபிள்தான் நம்பகமான சாட்சி. அட்லாண்டிக் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரீதாவின் 1967 ஆல்பத்தின் ஸ்டீரியோ முதல் அச்சு பச்சையும் நீலமுமான லேபிளில் இருக்கும். பச்சையும் ஆரஞ்சுச் சிவப்புமான லேபிள் 1969-ஐ ஒட்டி வந்தது. அந்த லேபிளிலும் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் உள்ள முகவரியைப் படியுங்கள். 1841 பிராட்வே என்றிருந்தால் 1970-களின் முற்பாதி, 75 ராக்கஃபெல்லர் பிளாசா என்றிருந்தால் அதற்குப் பின். லேபிளில் உள்ள எண்ணுக்குப் பின்னால் இரண்டு எழுத்துகள் இருந்தால் அவை எந்த ஆலையில் அடித்தது என்று சொல்லும். எம்.ஓ. என்றால் லாஸ் ஏஞ்சலிஸ் மோனார்க், பி.ஆர். என்றால் உங்கள் மாநிலத்திலேயே இருந்த பிரெஸ்வெல், ஆர்.ஐ. என்றால் இண்டியானாவில் ரிச்மண்ட்.

மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் இசை நிறுவனத்தின் கதை கொஞ்சம் சிக்கலானது, ஆனால் வாங்குபவருக்கு அதுவே வசதி. 1968-இல் அட்லாண்டிக்கோடு இருந்த ஒப்பந்தம் முறிந்தபோது, அதுவரை வெளியான பதிவுகளின் உரிமை அட்லாண்டிக் பக்கமே தங்கிவிட்டது. ஸ்டாக்ஸின் வெளிர்நீல லேபிளில் ரெக்கார்டுகள் அடுக்கிய படம் இருந்தால் அது முறிவுக்கு முந்தையது. விரல் சொடுக்கும் படத்தோடு மஞ்சள் லேபிள் வந்தது அதன் பிறகு. ஓட்டிஸ் ரெடிங்கின் 'ஓட்டிஸ் புளூ' 1965-இல் வோல்ட் என்ற துணை லேபிளில் வந்தது. அதுவே அட்கோ லேபிளில் உங்கள் கைக்கு வந்தால், 1968-க்குப் பின் அட்லாண்டிக் குழுமம் அடித்த பிரதி. 1975 இறுதியில் ஸ்டாக்ஸ் திவாலானது. 1977-இல் ஃபேன்டசி நிறுவனம் வாங்கியது. லேபிளில் ஃபேன்டசி பெயரும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி முகவரியும் இருந்தால் அதற்குப் பிந்தைய அச்சு. ஜேம்ஸ் பிரவுன் இன்னும் எளிது. 1971-இல் சின்சினாட்டியின் கிங் நிறுவனத்திலிருந்து பாலிடோருக்கு மாறினார். அதற்கு முந்தைய ஆல்பம் பாலிடோர் லேபிளில் இருந்தால் மறு அச்சு.

ஸ்டீவி வொண்டரின் நிறுவனமான மோட்டவுனில் பட்டியல் எண்ணின் வடிவத்தைக் கவனியுங்கள். ஒரே ஆல்பத்துக்கு ஆண்டுகள் போகப் போக முன்னொட்டும் பின்னொட்டும் மாறிக்கொண்டே வந்தன. எம்5 என்று தொடங்கி வி1 என்று முடியும் எண், 1980-களின் தொடக்கத்து மலிவு வரிசை. பார்க்க மெலிதாக இருக்கும், விலை குறைவு, கேட்க மோசம் என்று சொல்ல முடியாது. ஃபிலடெல்ஃபியா இண்டர்நேஷனல் என்ற இசை நிறுவனம் 1971-இல் தொடங்கியது, விநியோகம் சி.பி.எஸ். நிறுவனம். ஓ'ஜேஸின் 1972 ஆல்பத்தில் எண்ணுக்கு முன் கே.இசட். என்று இருக்கும். பி.இசட். என்றிருந்தால் அதே ஆல்பத்தின் பிந்தைய அச்சு. சி.பி.எஸ்ஸின் ஆலைகளில் ஒன்று நியூ ஜெர்சியின் பிட்மனில் இருந்தது. ஃபிலடெல்ஃபியாவும் உங்களுக்குப் பக்கம். இந்த வரிசை உங்கள் பகுதியில் தாராளமாகக் கிடைக்கும். இதற்கு ஒருபோதும் அதிக விலை கொடுக்க வேண்டாம்.

பாட்டு முடிந்த இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தில் கீறியோ பொறித்தோ எழுத்துகள் இருக்கும். அவற்றை இசைத்தட்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் அப்படியே தட்டச்சு செய்து தேடினால் எந்த அச்சு என்று ஏறக்குறைய நிச்சயமாகத் தெரிந்துவிடும். அதே பக்கத்தில் இதுவரை விற்ற விலைகளும் இருக்கும். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையின் நடுமதிப்பைப் பாருங்கள். இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. சி.பி.எஸ். தட்டுகளில் எண்ணின் முடிவில் 1ஏ, 1பி, 1சி என்று வரும். 1ஏ இருந்தால் அதுதான் எல்லாவற்றுக்கும் முந்தையது என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பார்கள். சி.பி.எஸ். ஒரே நேரத்தில் பல லாக்கர்களை, அதாவது அச்சுக்கு மூலமாகப் பள்ளம் வெட்டிய தட்டுகளை, தயாரித்துப் பிட்மன், டெர்ரி ஹோட், சான்டா மரியா என்ற மூன்று ஆலைகளுக்கும் பிரித்து அனுப்பியது. 1சி பொறித்த தட்டும் அதே வாரத்தில் வெளிவந்திருக்கலாம். அந்த எழுத்து எந்த லாக்கர் என்று சொல்கிறது, நன்றாக ஒலிக்கும் என்று உறுதி தருவதில்லை.

1968 வரை மோனோ, ஸ்டீரியோ இரண்டும் கிடைத்தன. 1960-களின் நடுவே வந்த மோட்டவுன், ஸ்டாக்ஸ் ஆல்பங்களின் மோனோ பிரதிகளை நான் விரும்பிப் பரிந்துரைப்பேன். ரேடியோவையும் ஜூக்பாக்ஸையும் மனத்தில் வைத்துக் கலந்த இசை அது. டிரம்ஸும் பாஸும் குரலோடு ஒரே கட்டாக முன்னே வந்து நிற்கும். அதே காலத்து ஸ்டீரியோவில் குரல் ஒரு பக்கம், டிரம்ஸ் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்பது உண்டு. இது ருசியைச் சார்ந்த விஷயம், ஆனால் ஒன்று மட்டும் ருசி சார்ந்ததல்ல. மோனோ பதிவை மின்னணு முறையில் ஸ்டீரியோ ஆக்கியது என்று உறையில் அச்சிட்டிருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். எதிரொலி ஏற்றிக் குரலைக் குலைத்திருப்பார்கள்.

தட்டின் எடையை வைத்துத் தரம் பார்க்காதீர்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் மூலப்பொருள் தட்டுப்பாடு வந்தபோது அமெரிக்க ஆலைகள் மெலிந்த தட்டுகளை அடித்தன, உடைத்த பழைய வினைலையும் கலந்தன. அவற்றில் மேற்பரப்பு இரைச்சல் கொஞ்சம் கூடுதலாக இருப்பதுண்டு. ஆனால் மெலிந்த தட்டில் அருமையாக ஒலிக்கும் ஃபங்க் ஆல்பங்கள் ஏராளம். 180 கிராம் என்று ஸ்டிக்கர் ஒட்டிய இன்றைய மறு அச்சு, எந்த டேப்பிலிருந்து வெட்டினார்கள் என்று சொல்லாவிட்டால் அந்த எடையால் ஒரு பயனும் இல்லை. மூல டேப் என்ற பேச்சு வரும்போது 1978 பிப்ரவரியில் நியூ ஜெர்சியின் லாங் பிராஞ்சில் அட்லாண்டிக்கின் கிடங்கு எரிந்ததைச் சொல்லி, "இனி மறு அச்சு எதுவும் சரியில்லை" என்பார்கள். அந்த நெருப்பில் போனவை பெரும்பாலும் வெளிவராத பதிவுகளும் குரலும் கருவிகளும் தனித்தனியாகப் பதிவான ஸ்டுடியோ மல்டிடிராக் டேப்புகளும். வெளியான ஆல்பங்களின் மாஸ்டர்கள், அதாவது கலந்து முடித்த இறுதி டேப்புகள், நியூயார்க்கில் இருந்ததால் தப்பின. எனவே தேய்ந்த முதல் அச்சுக்கும் கவனமாக வெட்டிய மறு அச்சுக்கும் இடையே தேர்வு வந்தால், கேட்பதற்கு வாங்குபவர் தயங்காமல் மறு அச்சை எடுக்கலாம்.

குறை உள்ள பிரதியா என்று பார்க்க வேண்டிய ஆல்பங்கள் சில உண்டு. ஸ்டீவி வொண்டரின் 1976 ஆல்பமான 'சாங்ஸ் இன் தி கீ ஆஃப் லைஃப்' இரண்டு எல்.பி.யோடு நான்கு பாட்டுகள் கொண்ட ஒரு 7 அங்குலத் தட்டும் 24 பக்கப் புத்தகமும் சேர்ந்தது. அந்தச் சிறு தட்டும் புத்தகமும் போயிருப்பது மிகச் சாதாரணம். அவருடைய 1972 ஆல்பமான 'டாக்கிங் புக்' உறையில் முதல் அச்சுகளில் பிரெய்ல் எழுத்துப் புடைத்திருக்கும். விரலால் தடவிப் பாருங்கள். உறையின் மூலையை வெட்டியோ, துளையிட்டோ, விளிம்பில் ரம்பத்தால் கீறியோ இருந்தால், விற்காமல் திரும்பி வந்து தள்ளுபடியில் போன பிரதி என்று பொருள். உறைக்கு அழகு குறையும். உள்ளே இருக்கும் தட்டு பெரும்பாலும் குறைவாக ஓடியதாக இருக்கும் என்பதால் நான் அதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்வேன்.

வாங்கியதும் எதையும் கழுவாமல் ஊசிக்கு அடியில் வைக்காதீர்கள். 450 மி.லி. டிஸ்டில்டு வாட்டர், 50 மி.லி. 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஃபிலிம் கழுவப் பயன்படும் வெட்டிங் ஏஜென்ட் இரண்டு மூன்று சொட்டு, இது போதும். லேபிள் நனையாமல் பார்த்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் பள்ளம் ஓடும் திசையிலேயே இரண்டு நிமிடம் தேய்த்து ஊறவிட்டு, பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசுங்கள். இந்த இரண்டாவது அலசலைத் தவிர்ப்பவர்கள்தான் கழுவிய பிறகு சத்தம் கூடிவிட்டது என்று புலம்புவார்கள். கரைந்த அழுக்கும் மருந்தும் பள்ளத்திலேயே காய்ந்துவிடும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் உள்ள உப்பு பள்ளத்தில் படியும். பாத்திரம் கவிழ்க்கும் ஸ்டாண்டில் நிறுத்திக் காயவைத்து, புதிய பாலிஎத்திலீன் உள்ளுறையில் போடுங்கள். வெள்ளைப் புள்ளிகளாகப் பூஞ்சை இருந்தால், நிலவறையில் இருந்த பெட்டிகளில் இது வழக்கம், அந்தத் தட்டுகளைத் தனியே வைத்து இரண்டு முறை கழுவி, பழைய காகித உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். 78 வேக ஷெல்லாக் தட்டு ஏதாவது பெட்டியில் கலந்திருந்தால் அதன்மேல் இந்தக் கலவை படக்கூடாது. ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும்.

ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. தேய்ந்த பழைய தட்டுகளுக்கு ஊசியின் வடிவம் பெரிய வித்தியாசம் தரும். சாதாரண நீள்வட்ட ஊசி, பழைய ஊசிகள் தேய்த்த அதே உயரத்தில் பள்ளத்தின் சுவரைத் தொடும். மைக்ரோலைன் வகை ஊசி இன்னும் மெல்லிய விளிம்போடு சுவரில் தேயாத பகுதியைத் தேடித் தொடும் வாய்ப்பு அதிகம். ஆடியோ டெக்னிகாவின் வி.எம்.95 வரிசையில் ஒரே உடலில் இரண்டு வகை ஊசியையும் மாற்றிப் போடலாம். 2 கிராம் அழுத்தம். இதனால் செத்த தட்டு பிழைத்துவிடாது, நடுத்தரமான தட்டு ஒரு படி ஏறும்.

சரி, அந்தப் பெட்டி. ஒரு தட்டுக்கு 3 டாலர் கணக்கு. 40-ஐயும் பார்க்க நேரம் கிடைக்காது என்று வைத்துக்கொண்டு, நீங்கள் பெயர் சொன்ன ஆறு பேரின் தட்டுகளை மட்டும் முதலில் வெளியே எடுங்கள். உறைக்கும் தட்டுக்கும் பொருத்தம், துளையைச் சுற்றிய கோடுகள், விளக்கில் சாம்பல் நிறம், நகத்தில் தட்டும் கீறல், ஓரத்து வளைவு, இந்த வரிசையில் ஒன்றுக்கு ஒரு நிமிடம். பத்துப் பன்னிரண்டு தட்டுகளில் எட்டு தேறினாலே 120 டாலர் நியாயம், மீதி எல்லாம் உபரி. நான்குக்குக் கீழே போனால் விட்டுவிட்டு, அதே காசில் தரம் பார்த்து விற்கும் கடையில் நான்கைந்து நல்ல பிரதிகளை வாங்கிக்கொள்ளுங்கள். மூட்டை முழுவதும் பூஞ்சை வாடை அடித்தால், எத்தனை நல்ல பெயர் இருந்தாலும் வேண்டாம். விலை பின்னால் ஏறும் என்று யாராவது சொன்னால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதற்கு எவரும் உறுதி தர முடியாது. எடுத்துக்கொண்டு வருவதாக இருந்தால், உறையோடு 40 தட்டு சுமார் 10 கிலோ வரும், அடிப்பாகம் உறுதியான பெட்டி வேண்டும். படுக்கவைக்காமல் நிமிர்த்தி அடுக்கிக் காரின் உள்ளே, வெயில் படாத பக்கம் வையுங்கள். வழியில் சாப்பிட நிறுத்தினால் பெட்டியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கோடையில் மூடிய கார் ஒரு மணி நேரத்தில் அந்தப் பெட்டி முழுவதையும் வளைத்துவிடும்.